தந்தை ஈந்த இராகமும் மைந்தன் இசைத்த கீர்த்தனமும்

கோயில் திருவிழாவிலே மேளக்கச்சேரி தொடங்கும்போதும், மாணவி ஒருத்தியின் அரங்கேற்றத்திலே முதற் பாட்டு எழும்போதும், கல்யாண வீட்டிலே நாதசுரம் முழங்கும்போதும் நம் செவியில் அடிக்கடி விழுவது 'வாதாபி கணபதிம்' என்னும் கீர்த்தனம். அதனைக் கேட்டறியாத சைவ இல்லம் ஈழநாட்டிலே அரிது. அதைப் பாடியவர் முத்துசுவாமி தீட்சிதர் என்பதையும் நம்மில் அநேகர் அறிவர். ஆனால், அக்கீர்த்தனம் அமைந்திருக்கும் ஹம்சத்வனி என்னும் இராகத்தை உலகிற்குத் தந்தவர் அவருடைய தந்தையாராகிய இராமசுவாமி தீட்சிதர் என்பதை அறிந்தவர் எத்தனை பேர்?

தந்தை மகனுக்குச் செய்ய வேண்டியது யாது, மகன் தந்தைக்குச் செய்யும் கைம்மாறு யாது என்று வள்ளுவர் பெருமான் தனித்தனியே வகுத்துச் சொல்லியிருக்கிறார். அவ்விரண்டு குறளுக்கும் சங்கீத உலகில் உரை எழுத விரும்புவோர் திருவாரூரில் வாழ்ந்த இந்தத் தந்தையையும் மைந்தனையும் நினைத்தாற் போதும். மகனைச் சபையிலே முதல்வனாக்கிய தந்தை இவர். தந்தை செய்த தவம் எத்தகையதோ என்று உலகம் வியக்கும்படி பாடிய மகன் அவர். எனினும், மகனைப் பாடிப் பாடி மகிழ்ந்த உலகம் தந்தையை ஏறக்குறைய மறந்துவிட்டது. இம்மறதியை நீக்குதற்கு நம் சங்கத்து இளைஞர் செய்யத்தக்கது ஒன்றுண்டு. அதனை இக்கட்டுரையின் முடிவிலே கூறுவேன். அதற்கு முன் அவ்விருவருடைய சரித்திரத்தையும் சற்றே நோக்குவோம்.

தந்தையார்

இராமசுவாமி தீட்சிதர் 1735ஆம் ஆண்டிலே பிறந்தவர். அக்காலம் அமைதியான காலமன்று. வடக்கேயும் தெற்கேயும் படைகள் ஓயாது நடமாடின. ஊர்விட்டு ஊர் பெயர்ந்து வாழ்ந்த குடும்பங்கள் பல. இவருடைய குடும்பமும் அவ்வாறே இடம்பெயர்ந்து, கும்பகோணத்தை அடுத்த கோவிந்தபுரத்திலே தங்கியது. போரினாலும் பெயர்ச்சியினாலும் கல்வி குலைந்துபோவது உலக வழக்கம். இவரோ அந்த நிலையிலும் கல்வியைத் தேடி நடந்தார்.

தஞ்சையில் வீரபத்திரையரிடம் சங்கீதம் கற்றார். அதன் பின்னர் வேங்கடமகியின் மரபிலே வந்த வேங்கட வைத்தியநாத தீட்சிதரை அடைந்து, இராகங்களின் இலக்கணத்தையும், கீதம், பிரபந்தம் முதலிய பழைய உருப்படிகளையும், வீணை வாசிப்பையும் ஐயந்திரிபறப் பயின்றார். எழுபத்திரண்டு மேளகர்த்தாக்களை வகுத்த வேங்கடமகியின் கல்வி இந்த வழியாகவே தீட்சிதர் குடும்பத்துக்கு வந்து சேர்ந்தது. பிற்காலத்திலே மைந்தர் பாடிய கீர்த்தனங்களிலுள்ள இராகப் பெயர்களும் இராக வடிவங்களும் இந்தச் சம்பிரதாயத்தைச் சேர்ந்தவையே.

பின்னர் அவர் திருவாரூரிலே குடியேறினார். தியாகேசப் பெருமானுடைய சந்நிதியிலே எந்த வேளைக்கு, எந்த உற்சவத்துக்கு, நாதசுரத்தில் எவ்வாறு வாசித்தல் வேண்டும் என்னும் ஒழுங்கை வகுத்தமைத்தவர் இராமசுவாமி தீட்சிதரே என்று அவர் குடும்பத்துச் சரித்திரம் கூறுகின்றது. இச்செய்தி ஈழத்துச் சைவர்களாகிய நமக்கு அயலானதன்று. காவிரி நாட்டு நாதசுர, தவில் வித்துவான்கள் தலைமுறை தலைமுறையாக யாழ்ப்பாணத்துக் கோயில்களுக்கு வந்து வாசித்ததையும், அவருட் சிலர் இங்கேயே தங்கிவிட்டதையும் நம் பெரியோர் நன்கறிவர். ஆகவே, காலத்துக்கும் கிரியைக்கும் இசைய நாதசுரம் ஒலிக்க வேண்டும் என்று நம் வீதிகளில் இன்றும் போற்றப்படும் நியதியை எண்ணும்போது, திருவாரூரிலே அதற்கு ஒழுங்கு கண்ட இந்தப் பெரியாரையும் எண்ணுதல் தகும்.

நாற்பதாண்டுத் தவம்

நாற்பது வயதாகியும் இராமசுவாமி தீட்சிதருக்குப் புத்திரபாக்கியம் கிட்டவில்லை. மனைவியாரோடு வைத்தீசுவரன் கோயிலை அடைந்து, ஒரு மண்டலம் விரதமிருந்து, பாலாம்பிகையையும் முத்துக்குமாரசுவாமியையும் வழிபட்டார் என்பர். அதன் பின்னரே திருவாரூரில் மூத்த மைந்தர் பிறந்தார். வேண்டுதலை நிறைவேற்றிய முருகப்பெருமானின் திருநாமமே மைந்தருக்குப் பெயராயிற்று. மன்மத வருடம், பங்குனி மாதம், கார்த்திகை நட்சத்திரம் என்பது மரபு. மன்மத வருடம் 1775ஆம் ஆண்டு சித்திரையில் தொடங்கியமையால் பல நூல்கள் 1775 என்றே குறிக்கின்றன. பங்குனி அவ்வருடத்தின் கடைசி மாதமாதலால், கணித்து நோக்குவோர் 1776 என்பர். எங்ஙனமாயினும், 1762இல் சியாமா சாஸ்திரிகளையும் 1767இல் தியாகராச சுவாமிகளையும் ஈன்ற திருவாரூரே மூன்றாமவரையும் ஈன்று, சங்கீத மும்மூர்த்திகளின் பிறப்பிடம் என்னும் பெருமையைப் பெற்றது.

முத்துசுவாமியை அடுத்துப் பாலாம்பாள் என்னும் பெண்ணும், சின்னசுவாமி, பாலுசுவாமி என்னும் ஆண்மக்களும் பிறந்தனர். வீடே ஒரு குருகுலமாயிற்று. வேதமும் காவியமும் இலக்கணமும் ஒருபுறம், கீதமும் பிரபந்தமும் வீணையும் மறுபுறமாகத் தந்தையாரே முன்னின்று கற்பித்தார்.

மணலியிலே

சென்னைக்கு வடக்கேயுள்ள மணலியிலே முத்துக்கிருஷ்ண முதலியார் என்னும் செல்வர் இருந்தார். கும்பினியாரோடு தொடர்புடையவர். கலையறிவும் ஈகையும் மிக்கவர். அவர் இராமசுவாமி தீட்சிதரின் புலமையை அறிந்து, குடும்பத்தோடு தம் ஊருக்கு அழைத்துச் சென்று ஆதரித்தார். அவருக்குப் பின் அவர் மைந்தர் வேங்கடகிருஷ்ண முதலியாரும் அந்த ஆதரவைக் குறைவின்றி நடத்தினார். இங்கும் ஒரு தந்தையும் மகனும்! பாடும் தந்தையும் மகனும் வாழ்வதற்குப் பேணும் தந்தையும் மகனும் வேண்டியிருந்தனர்.

மணலி வாழ்க்கையிலே தீட்சிதர் குடும்பத்துக்கு ஒரு புதிய உலகம் தெரிய வந்தது. சென்னைக் கோட்டையிலே வெள்ளையரின் வாத்திய கோஷ்டி வாசிப்பதை அவர்கள் கேட்டனர். தந்தையார் அதனை இகழவில்லை. மக்களைத் தடுக்கவுமில்லை. இளைய மைந்தர் பாலுசுவாமி பிடில் என்னும் வாத்தியத்தைப் பயின்று, அதனை நம் சங்கீதத்துக்கு ஏற்றவாறு வாசித்துக் காட்டினார். இன்று பிடில் இல்லாத பாட்டுக் கச்சேரியை நாம் நினைக்கவும் முடியுமா? முத்துசுவாமியோ தாம் கேட்ட அம்மெட்டுக்களுக்குச் சமஸ்கிருதத்திலே தெய்வத் துதிகளை அமைத்தார். நோட்டு சாகித்தியம் என வழங்கும் அவை ஏறக்குறைய நாற்பதாகும். ஆங்கிலேய அரச வாழ்த்தின் மெட்டும் அவற்றுள் ஒன்றிலே தெய்வத் துதியாக மாறிவிட்டது! பழமையிலே வேரூன்றியவர்க்குப் புதுமையைக் கண்டு அச்சமில்லை என்பதற்கு இதைவிட வேறு சான்று வேண்டுமோ?

மைந்தனைக் கொடுத்த தந்தை

இவர்கள் சரித்திரத்திலே என் நெஞ்சை மிகத் தொட்ட பகுதி இதுதான். சிதம்பரநாத யோகி என்னும் பெரியார் யாத்திரையாக மணலிக்கு வந்தார். முத்துசுவாமியின் இசையையும் ஒழுக்கத்தையும் கண்டு வியந்து, "இப்பிள்ளையை என்னோடு காசிக்கு அனுப்புக" என்று கேட்டார். இராமசுவாமி தீட்சிதர் கலங்கினார். நாற்பது வயதுக்குப் பின், விரதமிருந்து பெற்ற தலைமகன்! காசியோ இன்று போல் இரண்டு நாட்பயணத்தில் உள்ள ஊரன்று. சென்றவர் திரும்புவர் என்னும் உறுதி எவருக்குமில்லாத காலம். முதலில் மறுத்தார். பின்னர் முதலியாரும் யோகியாரும் எடுத்துச் சொல்ல, மனத்தைக் கல்லாக்கிக்கொண்டு இசைந்தார்.

அந்த இசைவினால் விளைந்த பயனைப் பாருங்கள். முத்துசுவாமி பல ஆண்டுகள் காசியிலே குருவோடு வாழ்ந்தார். வேதாந்தமும் ஸ்ரீவித்தியா உபாசனையும் கைவந்தன. வடநாட்டு இசையை, சிறப்பாக நின்று நிதானித்துச் செல்லும் துருபத இசையை, நாள்தோறும் கேட்டார். அவருடைய கீர்த்தனங்களில் நாம் காணும் விளம்பகால நடையின் கம்பீரத்துக்கு வீணைப் பயிற்சி ஒரு காரணம் என்றால், காசி வாசமும் ஒரு காரணம் என்று அறிஞர் கூறுவர். யமுனாகல்யாணி, த்விஜாவந்தி, ஹமீர்கல்யாணி முதலிய வடநாட்டுச் சாயலுள்ள இராகங்களிலே அவர் அமைத்த கீர்த்தனங்கள் இந்தப் பிரிவின் கனிகளே. குருவின் ஆணைப்படி கங்கையில் இறங்கியபோது அவர் கைக்கு ஒரு வீணை வந்தது என்பது பரம்பரைச் செய்தி. அச்செய்தியை நம்புவோரும் நம்பாதோரும் இருக்கலாம். ஆனால், கங்கைக் கரையிலிருந்து அவர் வெறுங்கையோடு திரும்பவில்லை என்பதில் ஐயமில்லை.

யோகியார் காசியிலேயே சமாதியடைந்தார். முத்துசுவாமி மணலிக்குத் திரும்பினார். அந்த நாளிலே தந்தையாரின் உள்ளம் எப்படி இருந்திருக்கும் என்று எவரும் எழுதி வைக்கவில்லை. பிள்ளைகளைக் கடல் கடந்து அனுப்பிவிட்டுக் காத்திருக்கும் பெற்றோர் நிறைந்த நம் நாட்டிலே அதனை எழுதிக் காட்ட வேண்டிய தேவையுமில்லை.

திருத்தணிகையிலிருந்து எட்டயபுரம் வரை

காசியிலிருந்து திரும்பியபின் முத்துசுவாமி திருத்தணிகையிலே முருகப்பெருமானைத் தியானித்திருந்தார். அப்போது முதியவர் ஒருவர் தோன்றி, வாயைத் திறக்கச் சொல்லிக் கற்கண்டை இட்டு மறைந்தார் என்பர். அந்த இனிமையிலே பிறந்ததுதான் மாயாமாளவகௌள இராகத்தில் அமைந்த 'ஸ்ரீநாதாதி குருகுஹோ' என்னும் முதற் கீர்த்தனம். மாணவர் சங்கீதத்தின் முதற் பாடமாகிய சரளிவரிசையைப் பயிலும் இராகமும் அதுவே. 'குருகுஹ' என்பது அன்று முதல் அவருடைய முத்திரையாயிற்று.

காஞ்சியிலே சில காலம் தங்கி, பின்னர்த் திருவாரூரை அடைந்தார். கமலாம்பிகையின் நவாவரணக் கீர்த்தனங்கள், தியாகேசர் மீது வேற்றுமை உருபுகளின் வரிசையிலே பாடிய கீர்த்தனங்கள், அத்தலத்துக் கணபதிகள் மீது பாடியவை என்று திருவாரூர் முழுவதையும் இசையாக்கினார். வாதாபி கணபதியும் அத்திருக்கோயிலில் எழுந்தருளியிருக்கும் மூர்த்தியே. தம்பியப்பன் என்னும் சீடர் வயிற்று நோயால் வருந்தினார் என்றும், கிரக தோஷம் நீங்கும்பொருட்டு வியாழ பகவான் மீது அடாணா இராகத்திலே ஒரு கீர்த்தனம் பாடிக் கொடுத்தார் என்றும், அதிலிருந்தே ஏழு கிழமைகளுக்குமுரிய கீர்த்தனங்கள் பிறந்தன என்றும் கூறுவர். ஏழு கீர்த்தனங்களும் துருவம், மட்டியம், ரூபகம், ஜம்பை, திரிபுடை, அட, ஏகம் என்னும் ஏழு தாளங்களிலே முறையே அமைந்திருப்பதைக் காணும்போது, பக்தியோடு கணக்கும் கைகோத்து நிற்பது புலனாகும். தஞ்சை நால்வர் எனப் புகழ்பெற்ற சின்னையா, பொன்னையா, சிவானந்தம், வடிவேலு ஆகியோரும் அவரிடம் பயின்றவர்களே.

தந்தையார் 1817ஆம் ஆண்டிலே சிவபதமடைந்தார். தம்பியரைத் தேடிச் சென்ற முத்துசுவாமி, பாலுசுவாமி சமஸ்தான வித்துவானாக விளங்கிய எட்டயபுரத்தை அடைந்தார். 1835ஆம் ஆண்டு ஒக்டோபர் மாதம் 21ஆம் நாள், தீபாவளித் திருநாளன்று, சீடர்கள் 'மீனாட்சி மே முதம்' என்னும் தம் கீர்த்தனத்தைப் பாடக் கேட்டவாறே இறைவனடி சேர்ந்தார்.

பாட்டுக்குள்ளே பொதிந்த பெயர்

இனி, தந்தையிடமிருந்து மைந்தர் பெற்றது யாது என்று சற்று ஆராய்வோம். பக்தியைப் பெற்றார், இராக ஞானத்தைப் பெற்றார் என்று பொதுவாகச் சொல்லலாம். ஆனால் அதற்கு மேலும் ஒன்றுண்டு. சொல்லையும் சுரத்தையும் ஒன்றோடொன்று பின்னும் வித்தையே அது.

இராமசுவாமி தீட்சிதர் இயற்றிய அஷ்டோத்தரசத இராகதாளமாலிகை என்னும் பேருருப்படியை எடுத்துக் கொள்வோம். அது 108 இராகங்களையும் 108 தாளங்களையும் கொண்ட மாலை. ஒவ்வொரு பகுதியிலும் அந்த இராகத்தின் பெயரும் தாளத்தின் பெயரும் பாட்டின் பொருள் கெடாதவாறு சொற்களுக்குள்ளே பொதியப்பட்டிருக்கும். பூமாலையிலே நார் தெரியாதவாறு தொடுப்பது போன்ற செயல் இது. இன்னொன்று, தோடி இராகத்துச் சுரஸ்தான வர்ணம். அதிலே சாகித்தியத்தின் எழுத்துக்கள் ச, ரி, க, ம, ப, த, நி என்னும் சுர எழுத்துக்களின் வருக்கத்தாலேயே ஆனவை. சுரத்தைப் பாடினாலும் சொல்லைப் பாடினாலும் வாயிலே வருவது ஏறக்குறைய ஓரெழுத்தே! வெறும் விளையாட்டு என்று இதனை எண்ணிவிடலாகாது. மொழியும் இசையும் இரண்டன்று என்பதைக் காட்டிய செயல் இது.

இந்த வித்தையே மைந்தரிடத்தில் முதிர்ந்து கனிந்தது. முத்துசுவாமி தீட்சிதரின் கீர்த்தனங்கள் பலவற்றில் இராகத்தின் பெயர் சாகித்தியத்துக்குள்ளே தெய்வத்தின் அடைமொழியாகவோ, பொருளோடு இயைந்த வேறு சொல்லாகவோ கலந்து நிற்கும்.

இப்போது 'வாதாபி கணபதிம்' என்னும் கீர்த்தனத்துக்கு மீண்டும் வருவோம். ஏழு சுரங்களுள் மத்திமத்தையும் தைவதத்தையும் நீக்கி, ச, ரி, க, ப, நி என்னும் ஐந்தினாலே தந்தையார் ஆக்கிய இராகம் ஹம்சத்வனி. அவர் அதிலே ஒரு பிரபந்தமும் இயற்றினார். மைந்தர் அதே இராகத்தை எடுத்து விநாயகரைப் பாடினார். சரணத்தின் இறுதியிலே, தமது முத்திரையாகிய 'குருகுஹ' என்னும் சொல்லை வைத்தார். அதனை அடுத்து வரும் தொடரிலேயே 'ஹம்சத்வனி' என்னும் சொல்லை, ஏரம்ப மூர்த்தியை அலங்கரிக்கும் அணியாக வைத்தார். மைந்தருடைய முத்திரையும் தந்தையாருடைய இராகத்தின் பெயரும் ஒரே பாட்டின் முடிவிலே அருகருகே நிற்கின்றன. தந்தையின் பெயரைச் சொல்லாமலே தந்தைக்குச் செய்த வணக்கம் அன்றோ இது! மகா வைத்தியநாதையர் முதலிய பெருவித்துவான்கள் பல சங்கதிகளை வைத்துப் பாடிப் பரப்ப, அக்கீர்த்தனம் கச்சேரிகளின் தொடக்கப் பாட்டாயிற்று. ஹம்சத்வனி வடக்கேயும் சென்றது. இந்துஸ்தானி வித்துவான்களும் அதனைத் தமதாக்கிக் கொண்டனர். மைந்தர் வடநாட்டு இராகங்களைத் தெற்கே கொண்டுவந்தார். தந்தையின் இராகமோ தெற்கிலிருந்து வடக்கே யாத்திரை போயிற்று.

எஞ்சியவையும் இழந்தவையும்

மைந்தர் இறந்து ஏறக்குறைய எழுபது ஆண்டுகள் சென்றபின், 1904ஆம் ஆண்டிலே, எட்டயபுரத்திலிருந்து ஒரு பெருநூல் வெளிவந்தது. 'சங்கீத சம்பிரதாய பிரதர்சினி' என்பது அதன் பெயர். இயற்றியவர் சுப்பராம தீட்சிதர். அவர் பாலுசுவாமி தீட்சிதரின் மகள் வயிற்றுப் பேரர். பின்னர் பாலுசுவாமிக்கே சுவீகார புத்திரரானவர். இராமசுவாமி தீட்சிதருக்கு அவர் பூட்டப்பிள்ளை. குடும்பச் சொத்தாக ஏட்டிலும் நெஞ்சிலும் காத்துவந்த உருப்படிகளை வெளியிடச் செய்தவர் கிறித்தவராகிய சின்னசுவாமி முதலியார் என்னும் இசையன்பர். எட்டயபுரம் சமஸ்தானம் பொருளுதவி செய்தது. மதம் வேறாயினும் கலையை அழிய விடக்கூடாது என்று வேண்டி நின்ற அப்பெரியாருக்கு நாம் என்றும் கடப்பாடுடையோம்.

அந்நூலிலே முத்துசுவாமி தீட்சிதரின் கீர்த்தனங்கள் 229 சுரத்தோடு இடம்பெற்றன. தெலுங்கு எழுத்திலே இருந்த அந்நூலைச் சென்னைச் சங்கீத வித்வத் சபையார் 1961 முதல் தமிழெழுத்திலே பகுதி பகுதியாக வெளியிட்டனர். தந்தையாரின் ஆக்கங்களும் அதில் உள்ளன. ஆனால் 108 இராகங்களைக் கொண்ட அந்த மாலையிலே நமக்கு எஞ்சியவை 61 பகுதிகளே. மற்றைய 47 மலர்கள் எங்கே உதிர்ந்தன? எந்தப் பெட்டியிலே செல்லரித்தன? எந்த முதியவருடைய குரலோடு அடங்கின? ஒரு தலைமுறை எழுதி வையாததை அடுத்த தலைமுறை அழுதாலும் பெற முடியாது. 1981இல் யாழ்ப்பாணப் பொது நூலகமும் அதிலிருந்த ஏடுகளும் எரிந்த துயரத்தை அறிந்த நமக்கு, இழப்பு என்னும் சொல்லின் பொருளை வேறெவரும் விளக்க வேண்டியதில்லை. தீயினால் அழிவதும் உண்டு. பாடாமல் விடுவதனாலும் அழிவது உண்டு. முன்னையதைத் தடுக்க நம்மால் முடியாது போயிற்று. பின்னையதைத் தடுப்பது நம் கையிலுள்ளது.

சனியும் ஞாயிறும்

ஆகவே, இளைஞர்களே, உங்கள் முன் ஒரு வேண்டுகோளை வைக்கின்றேன். ஆண்டுதோறும் ஒரு வார இறுதியிலே, சனி, ஞாயிறு என்னும் இரு தினங்களிலும், இந்தத் தந்தையையும் மைந்தனையும் போற்றும் வாய்ப்பாட்டு விழா ஒன்றை நம் சங்கம் நடத்துதல் வேண்டும்.

வாய்ப்பாட்டு என்று ஏன் வரையறுக்கிறேன் எனச் சிலர் கேட்கலாம். வீணையையும் நாதசுரத்தையும் குறைவாக மதித்தன்று. தீட்சிதர்களே வீணை வித்துவான்கள் அல்லரோ? ஆனால், சாகித்தியத்துக்குள்ளே பொதிந்திருக்கும் இராகப் பெயரும், தாளப் பெயரும், சொல்லே சுரமாகும் விந்தையும் வாத்தியத்திலே கேட்கப்படமாட்டா. அவற்றை வெளிப்படுத்த மனிதக் குரல் வேண்டும். தெளிந்த உச்சரிப்பும் வேண்டும். பாடுமுன் ஒவ்வொரு பாட்டின் பொருளையும் தமிழிலே இரண்டொரு வாக்கியத்தில் சொல்லிவிட்டால், சிறுவரும் விளங்கிக் கேட்பர்.

சனிக்கிழமையிலே நற்காரியம் தொடங்குவதா என்று பெரியோர் சிலர் தயங்கலாம். அவர்கள் மனம் ஆறுதற்கு ஒன்று சொல்வேன். சனி பகவான் மீது முத்துசுவாமி தீட்சிதர் யதுகுலகாம்போதியிலே பாடிய கீர்த்தனம் 'திவாகர தனுஜம்' என்று தொடங்குகின்றது. கதிரவனின் மைந்தன் என்பது அதன் பொருள். ஞாயிற்றுக்கிழமைக்குரிய 'சூரியமூர்த்தே' சௌராஷ்டிர இராகத்தில் அமைந்தது. அஃது அந்த மைந்தனின் தந்தையாகிய சூரியனைப் பாடுவது. ஆகவே சனி மைந்தனின் நாள். ஞாயிறு தந்தையின் நாள். நம் விழாவுக்கு இதைவிடப் பொருத்தமான இரு தினங்கள் வாரத்திலே வேறில்லை.

முதல் நாளிலே நமக்குத் தெரிந்த மைந்தனைப் பாடுவோம். 'வாதாபி கணபதிம்' முதலிலே எழட்டும். தொடர்ந்து திருத்தணிகை முருகன், கமலாம்பிகை, தியாகேசர், வடநாட்டு இராகங்களில் அமைந்தவை என ஒழுங்காகச் செல்லலாம். சிறுவர் சிறுமியர் நோட்டு சாகித்தியங்களைச் சேர்ந்து பாடட்டும். மறுநாள் காலை, தந்தையாரின் ஹம்சத்வனிப் பிரபந்தத்தோடு தொடங்குவோம். முதல் நாள் கேட்ட அதே இராகம், அதன் ஊற்றிலிருந்து எழுவதைச் சபையோர் அப்போது உணர்வர். தோடி வர்ணத்தை அடுத்து, எஞ்சியிருக்கும் 61 பகுதிகளுக்கு வருவோம். ஒருவர் தனித்து அவை முழுவதையும் கற்றல் அரிது. ஆனால் ஆளுக்கு ஓர் இராகமாக அறுபத்தொரு இளங்குரல்கள் அவற்றைப் பங்கிட்டுக் கொள்ளுதல் இயலாத காரியமா? ஓராண்டில் முடியாவிடின் ஐந்து ஆண்டுகளிலே முடியட்டும். கற்பிப்பதற்கு ஆசிரியர் இல்லை என்று சொல்லவும் இடமில்லை. 1960இல் மருதனார்மடத்திலே தொடங்கப்பெற்ற இராமநாதன் இசைக் கல்லூரியின் வழிவந்தோரும், வட இலங்கைச் சங்கீத சபையின் தேர்வுகளிலே தேறியோரும் நம்மிடையே பலர். சுரப்படுத்திய நூலும் தமிழெழுத்திலே உண்டு. வேண்டியது ஊக்கம் ஒன்றே.

விழாவின் நிறைவுக்கும் தகுந்த உருப்படி ஒன்றுண்டு. 'சாமி நின்னே' என்னும் ஸ்ரீரஞ்சனி இராகச் சௌக வர்ணத்தை இராமசுவாமி தீட்சிதர் தொடங்கினார். மைந்தர் சின்னசுவாமியும், குடும்ப நண்பராகிய சியாமா சாஸ்திரிகளும், முத்துசுவாமியும் அதற்குச் சுரக் கோவைகளைச் சேர்த்துள்ளனர். தந்தை தொடங்கியதை மைந்தரும் நண்பரும் தொடர்ந்து முடித்த பாட்டு அது. அதனை இளைஞரும் முதியோரும் ஒரே மேடையில் அமர்ந்து சேர்ந்து பாடி விழாவை நிறைவு செய்வோமாக.

பெரியோர்களே, உங்கள் வீட்டுப் பெட்டியிலே பழைய சங்கீதக் கொப்பிகள் இருக்குமாயின், அவற்றை இளைஞர் கையிலே கொடுங்கள். உங்கள் நெஞ்சிலே பாட்டு இருக்குமாயின், அதை அவர்களுக்குச் சொல்லிக் கொடுங்கள். இளைஞர்களே, நீங்கள் கேட்டாலன்றி அவர்கள் கொடுக்கமாட்டார்கள். ஆதலால் சென்று கேளுங்கள். இராமசுவாமி தீட்சிதர் தம் மைந்தனை மூடி வைக்காது காசிக்குக் கொடுத்தார். உலகம் முத்துசுவாமி தீட்சிதரைப் பெற்றது. மைந்தர் தந்தையின் இராகத்தைத் தம் பாட்டிலே வைத்துக் காத்தார்; உலகம் ஹம்சத்வனியைப் பெற்றது. கொடுத்தலும் காத்தலுமே மரபு. இவ்விரண்டையும் நாமும் செய்வோமாயின், அடுத்த முறை நம் கோயில் வீதியிலே 'வாதாபி கணபதிம்' எழும்போது, அப்பாட்டிலே மைந்தனின் குரலோடு தந்தையின் குரலும் நம் செவிக்குக் கேட்கும்.

கணபதியின் திருவருள் முன்னிற்பதாக! தந்தையும் மைந்தனும் வளர்த்த இசை வாழ்க!